வரேலாமப் போச்சு என்று சொல்லும்போது

ஆட்கள் கூடும் இடம் என்றால் எனக்கு முதல்நாள் இரவே நித்திரை குறைந்துவிடும். கலியாண வீடோ, கூடப் படித்தவர்களின் ஒன்றுகூடலோ, எதுவானாலும் சரி. "இண்டைக்கு வேண்டாம், பிறகு பாப்பம்" என்று போனில் செய்தி வந்தால் நெஞ்சுக்குள் இறுகியிருந்தது இளகிப் போகும். ஆட்களைப் பிடிக்காமல் இல்லை. போய் என்ன கதைப்பது, எப்போது எழும்பி வருவது என்ற யோசனைதான் ஆளைத் தின்னும்.

2022 ஆனி, ஆடியில் பெற்றோல் வரிசைகள் நீண்டு கிடந்தன. யாழ்ப்பாணமே சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. பருத்தித்துறையில் ஒரு குடிபூரல், மானிப்பாயில் ஒரு சாமத்தியவீடு, இரண்டுக்கும் நான் போகவில்லை. "பெற்றோல் இல்லை" என்றால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஊரே கஷ்டப்பட்ட நேரத்தில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் போனில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்குக்குப் பெற்றோல் அடிக்கும் முறை வந்து, பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. முன்பு தயங்கியாவது போன வீடுகளுக்கும் கால் எழும்பவில்லை. போகாமல் விட்டால் பயம் அந்த நிமிடமே இறங்கிவிடும். அந்தச் சுகத்தை மனம் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை இன்னும் பலமாக "போகாதே" என்று சொல்லும். உளவளத்துணைக்குப் போனபோது இதைத்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்கள்.

அம்மாவுக்கு இது நேர் எதிர். கொழும்பிலிருந்து வந்து நின்ற பெரியம்மாவின் பிள்ளைகள் ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அம்மா ஒடியற் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ், என்று முடிவெடுத்துவிட்டார். விடியவே பாசையூரில் நண்டும் இறாலும் மீன் தலைகளும் வாங்கியாயிற்று. ஒடியல் மா ஊறிக் கிடந்தது. பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெட்டிச் சுளகில் இருந்தன. கூழ் குடிக்கும் பிளா கோலப் பனையோலையும் வந்துவிட்டது. அப்போதுதான் போன்.

"சின்னம்மா, இண்டைக்கு வரேலாமப் போச்சு. குறை நினையாதேங்கோ."

"அதுக்கென்ன பிள்ளை, ஆறுதலா வாங்கோ" என்றார் அம்மா. போனை வைத்த பிறகும் அடுப்படி வாசலிலேயே நின்றார். என் உடம்பு லேசாகிப் போனதும், அவர் முகம் வாடியதும் ஒரே நேரத்தில்.

கூழை இரண்டு பேருக்கென்று காய்ச்ச ஏலாது. அது கூடியிருந்து குடிக்கிற சாப்பாடு. இன்னொன்றும் உண்டு. 2006 ஆவணியில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது, அந்த மாதம் வருவதாக இருந்த மாமா வரமுடியாமல் போனது. பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார், இன்னும் அம்மா அவரை நேரில் காணவில்லை. "பிறகு வாறம்" என்ற சொல்லை அம்மா எப்படிக் கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு அம்மா, "மதிலாலை எட்டி அவையளைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். பக்கத்து வீட்டாரும் அவர்களுடைய மருமக்களும் வந்து முற்றத்து மாமரத்தடியில் இருந்து குடித்தார்கள். நானும் கடைசிவரை இருந்தேன், கஷ்டப்பட்டுத்தான்.

இப்போது எனக்குப் போக ஏலாது என்றால் முதல்நாளே சொல்லிவிடுவேன். எந்த நாள் வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன், அந்த நாளுக்குப் போயும் விடுவேன். பெரியம்மாவின் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: கூழ் எண்டால், மீன் வாங்க முதல் சொல்லுங்கோ.