ஒரெஸ்டியா: நான் கட்சி மாறிய கதை

கல்லூரியில் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டியா' என்ற மூன்று நாடகத் தொகுதியைப் படித்தபோது கிளைடெம்நெஸ்ட்ரா என்றாலே எனக்கு ஆகாது. பத்து வருடம் ட்ராயில் சண்டை போட்டுத் திரும்பிய புருஷன் அகமெம்னனுக்குச் செந்நிற விரிப்பு விரித்து வரவேற்று, குளியலறையில் துணியால் சுற்றி வெட்டிக் கொல்கிறவளை வேறென்ன நினைப்பது? மகன் ஒரெஸ்டஸ் வந்து பழி தீர்த்தபோது 'வேணும், நல்லா வேணும்' என்றிருந்தது.

போன மாதம் மறுபடி எடுத்தேன். இப்போது என் மகளுக்குப் பதிமூன்று வயது. முதல் நாடகத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டேன். காற்று எதிராக வீச, கப்பல்கள் ஔலிஸ் கரையில் முடங்கிக் கிடக்கின்றன. அகமெம்னன் பெற்ற மகள் இஃபிஜினியாவையே பலி கொடுக்கிறான். ஆட்டுக்குட்டி மாதிரி பலிபீடத்துக்கு மேலே தூக்குகிறார்கள். சாபம் விட்டுவிடுவாளோ என்று வாயைக் கட்டுகிறார்கள். அப்பா விருந்து வைத்தால் பாடுகிற பெண் அவள். சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கண்ணாலேயே கெஞ்சுகிறாள். இந்த வரிகளை அன்று எப்படித் தாண்டிப் போனேன்?

கொன்றது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அதிலும் ட்ராயிலிருந்து அடிமையாக இழுத்துவரப்பட்ட கசாண்ட்ராவையும் சேர்த்துக் கொன்றாளே, அவள் என்ன பாவம் செய்தாள்?

* * *

அக்கா, நான் இதில் நடித்தவன். இரண்டாவது நாடகத்தில் ஒரெஸ்டஸின் நண்பன் பைலடீஸ். கூடவே நடக்க வேண்டும், நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் என்னைத் 'தூண்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசியில் தாய் மார்பைக் காட்டி, பால் குடித்ததை நினைவுபடுத்துகிறாள். கொல்ல வந்த ஒரெஸ்டஸின் கை தயங்குகிறது. "பைலடீஸ், என்ன செய்ய?" என்று திரும்புகிறான். அங்கேதான் எனக்கு மொத்தமே மூன்று வரி: பழி தீர்க்கச் சொன்ன அப்பல்லோ தெய்வத்தின் வாக்கு என்னாவது, ஊரே பகையானாலும் தெய்வத்தைப் பகைக்காதே. அதுவரை வாயே திறக்காதவன் பேசியதும் முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

* * *

வக்கீல் என்பதால் எனக்கு உறுத்துவது மூன்றாவது நாடகம். தாயைக் கொன்ற ஒரெஸ்டஸ் மீது ஏதென்ஸின் அரியோபாகஸ் குன்றில் விசாரணை. தாய் பெற்றவளே அல்ல, தகப்பன் விதைத்ததைக் காத்து வளர்ப்பவள் மட்டும்தான் என்று வாதாடுகிறான் அப்பல்லோ. (கி.மு. 458இல் முதல் பரிசு வாங்கிய வாதம்!) ஓட்டு சரிபாதி. தாயில்லாமல் பிறந்த தேவி அதீனா ஒரெஸ்டஸ் பக்கம், எனவே விடுதலை. கணவன் ரத்த உறவில்லை, அதனால்தான் கிளைடெம்நெஸ்ட்ராவைத் துரத்தவில்லை என்கிறார்கள், ரத்த உறவைக் கொன்றவர்களைத் துரத்தும் பழிதேவதைகள். சரி, மகள் ரத்த உறவுதானே? அப்பனை யார் துரத்தினார்கள்? அந்த விசாரணை முழுக்கத் தேடிவிட்டேன், இஃபிஜினியாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.