பிள்ளையின் முதுகு கோணலாகத் தெரிந்தால்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை, அம்மா:
11 வயது மகள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எவ்வளவு நேராகத் தைத்தாலும் கீழ்விளிம்பு ஒரு பக்கம் தூக்குது. வலது தோள்பட்டை எலும்பும் கொஞ்சம் தள்ளித் தெரியுது. புத்தகப் பையாலயா?

கொட்டாஞ்சேனை, பிசியோதெரபிஸ்ட்:
பையால் இல்லை. பாரமான பை முதுகை நோக வைக்கும், முள்ளந்தண்டைத் திருகாது. இன்றைக்கே முதுகு தெரியும்படி சட்டையைக் கழற்றி, பாதம் இரண்டும் சேர, முழங்கால் மடங்காமல் நிற்கவிடுங்கள். உள்ளங்கைகளைச் சேர்த்துப் பிடித்து, விரல்நுனி இரு காலுக்கும் நடுவே இறங்க மெதுவாகக் குனியட்டும். நீங்கள் பின்னால் குந்தி, கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். விலாப் பக்கம் ஒன்று மேடாக எழும்பினால் அது திருகல், வைத்தியரிடம் காட்ட வேண்டும். நிற்கும்போது கோணல், குனிந்தால் இரண்டு பக்கமும் சமம் என்றால் பெரும்பாலும் நிற்கிற பழக்கம்தான். கதிரையில் இருத்தியும் ஒருமுறை குனியச் சொல்லுங்கள். அப்போது மேடு மறைந்தால் ஒரு கால் கட்டையோ என்று அளந்து பார்க்க வேண்டும்.

குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகலாம்.

நாரஹேன்பிட்ட, எக்ஸ்ரே பிரிவு:
படம் நின்றபடிதான் எடுக்க வேண்டும். படுக்கவைத்தால் வளைவு குறைத்துக் காட்டும். கதிர் முதுகுப் பக்கமிருந்து வரட்டும், மார்புக்குப் படுவது குறையும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பும் படத்தில் விழ வேண்டும். இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று வைத்தியர் அதில்தான் பார்க்கிறார். பழைய படத்தை வீசிவிடாதீர்கள். ஒரே படத்தில் வளைவின் கோணத்தை இரண்டு பேர் அளந்தாலே 5 பாகை வரை வித்தியாசம் வரும். 18 பாகை 21 ஆனதும் பதறுகிறவர்கள் அதிகம். அந்த 3 பாகையை வைத்துக் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

தெஹிவளை, பிரேஸ் பொருத்துபவர்:
வளைவு 10 பாகைக்குக் கீழே என்றால் ஸ்கோலியோசிஸ், அதாவது முள்ளந்தண்டு பக்கவாட்டு வளைவு, என்றே சொல்வதில்லை. 25 வரை 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் போடுகிற கெட்டியான கவசம். 45, 50 தாண்டினால் சத்திரசிகிச்சைப் பேச்சு வரும். பிரேஸ் வளைவை நிமிர்த்தாது, கூடாமல் பிடித்துவைக்கும். 2013இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு 50ஐத் தொடவில்லை. நாளுக்குச் சராசரி 13 மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களுக்கு அதைவிட நல்ல பலன்.

கொழும்பு வேர்வைக்கு, பிரேஸுக்கு உள்ளே தையல் இல்லாத பருத்திப் பனியன், நாளுக்கு இரண்டு மூன்று மாற்ற வேண்டும். கிறீம், எண்ணெய் பூசினால் தோல் மிருதுவாகிப் புண்ணாகும். கழற்றி அரை மணித்தியாலத்தில் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்தக் கொண்டுவாருங்கள், வீட்டில் பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம். பட்டி இறுக்க வேண்டிய இடத்தில் பேனையால் கோடு போட்டுவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை, பிசியோதெரபிஸ்ட்:
ஒன்று விட்டுப்போச்சு. இரவில் எழுப்புகிற வலி, கால் விறைப்பு, சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாவா? இல்லையென்றால் வேகமாக வளர்கிற காலம் இதுதான். மாதம் ஒருமுறை உயரத்தை அளந்து திகதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.