ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர: ஒரு கறுப்பு உருண்டையா, மூன்றா?

எழும்பூர்வாசி: நேற்று ஒருவர் "பணம் கட்டினால் போதும், ஃப்ரீமேசன் லாட்ஜில் யாரையும் சேர்த்துக்கொள்வார்கள்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் 14 வருடமாக மேசன், அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் உறுப்பினர். அதன் கிளைச் சங்கத்தைத்தான் லாட்ஜ் என்போம், தங்கும் விடுதி இல்லை. உறுப்பினர் ஒருவர் நம் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், நம்மைப் பற்றி விசாரிப்பார்கள், அப்புறம்தான் வாக்கெடுப்பு. மரப்பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுவோம், யார் எதைப் போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது.

பாரி_திருச்சி: ஒன்று இல்லை, மூன்று. இங்கிலாந்து லாட்ஜ்களின் தலைமை அமைப்பான யுனைடெட் கிராண்ட் லாட்ஜ் விதிப்படி மூன்று கறுப்பு விழுந்தால்தான் நிராகரிப்பு. 14 வருடம் பெட்டிக்குள் கை விட்டவருக்கு இதுகூடத் தெரியாதா?

எழும்பூர்வாசி: நான் இங்கிலாந்தில் சேரவில்லை தம்பி. 1961-லேயே இந்தியாவுக்குத் தனி கிராண்ட் லாட்ஜ் வந்தாயிற்று. எங்கள் லாட்ஜில் ஒன்றுதான்.

முகிலன்: அதே இங்கிலாந்து விதியில், லாட்ஜ் விரும்பினால் ஒன்றோ இரண்டோ போதும் என்று தன் துணைவிதியில் வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறதே. எந்த லாட்ஜைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பாரி_திருச்சி: மூன்று என்பதுதான் மூலவிதி. மூன்று.

மல்லிகா: ஒன்றோ மூன்றோ, அந்தப் பெட்டிக்குள் ஒரு பெண்ணின் கை போனதுண்டா? உலகச் சகோதரத்துவம் என்று பெருமை வேறு.

எழும்பூர்வாசி: மேடம், 1723-ல் ஆண்டர்சன் எழுதிய மேசன் சாசனத்திலேயே ஆண்களுக்கு மட்டும் என்று இருக்கிறது. பிடிக்காதவர்கள் வர வேண்டாம்.

மல்லிகா: அடையாறில் இருந்த அன்னி பெசன்ட் 1902-ல் மேசன் ஆனவர் சார். பெண்தானே?

எழும்பூர்வாசி: அது ஆண் பெண் கலந்த வேறு அமைப்பு. அதை நாங்கள் மேசன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. விவேகானந்தர் 1884-ல் கல்கத்தாவில் சேர்ந்தது எங்கள் வழியில்தான், அதைப் பேசுங்கள்.

சாந்தோம்காரன்: கத்தோலிக்கர்களான எங்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். 1738-லேயே போப் தடை போட்டார், 2023-லும் வத்திக்கான் உறுதி செய்தது. சாமி இல்லாத கூட்டம்.

எழும்பூர்வாசி: தெரியாமல் பேசாதீர்கள் அண்ணே. கடவுள் நம்பிக்கை இல்லாதவனை எங்களிடம் சேர்ப்பதே இல்லை. கீதையோ குரானோ பைபிளோ, அவரவர் வேதத்தின் மேல் கை வைத்துத்தான் உறுதி எடுக்கிறோம். பிரான்சில் ஒரு பிரிவு 1877-ல் அந்த நிபந்தனையை எடுத்ததால்தான் இங்கிலாந்து உறவையே முறித்தது. நான் தினமும் பூஜை செய்கிறவன். முதல் நாள் கண்ணைக் கட்டி நிறுத்தினபோது காலுக்குக் கீழே தரை எங்கே என்று தெரியவில்லை, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது. அதைப் போய் சாமி இல்லாத கூட்டம் என்றால் எப்படி?

பாரி_திருச்சி: என் அப்பாவுக்கு அந்தக் கையை யாரும் நீட்டவில்லை. 1994-ல் அவர் பெயரை முன்மொழிந்த நண்பர் இரவு ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். அம்மா வைத்த காபியைத் தொடவே இல்லை. "இந்த முறை ஆகவில்லை" என்றார், அவ்வளவுதான். எத்தனை கறுப்பு என்று சொல்லவில்லை. அப்பா சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார், ஒருத்தனா, மூணு பேரா என்று.

மல்லிகா: இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் சார்?

எழும்பூர்வாசி: வருத்தம்தான். ஆனால் பெட்டி ரகசியம், அந்த நண்பர் வாய் திறக்காதது சரி. ரகசியமாக இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சிபாரிசை எவனாவது தைரியமாக மறுப்பானா? அப்புறம், ஒன்றுதான்.

பாரி_திருச்சி: உங்கள் லாட்ஜின் துணைவிதியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

எழும்பூர்வாசி: வெளியாளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

பாரி_திருச்சி: அப்போ மூன்று.