அம்மா பயிர் செய்யும் நிலத்தில் அம்மாவின் பங்கு எவ்வளவு?

கேள்வி (திருவாரூர் மாவட்டம்):
என் தந்தை 2021-இல் உயில் எழுதாமல் காலமானார். தாத்தா வழியில் வந்த 2 ஏக்கர் நன்செய்க்கான பட்டா இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நாற்றங்கால் விடுவதிலிருந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவது வரை எல்லாவற்றையும் அம்மாதான் கவனிக்கிறார். ஆயினும் பட்டா இல்லையென்று கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தர மறுக்கிறார்கள், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வந்த பி.எம். கிசான் தொகையும் நின்றுவிட்டது. எனக்குச் சீர் செய்தாகிவிட்டதால் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி வெளியூரில் இருக்கும் இரண்டு அண்ணன்களும் கேட்கிறார்கள். போட்டால் அம்மாவின் நிலை என்னவாகும்?

பதில் 1:
அண்ணன்கள் பெயருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சீர் செய்ததால் மகளின் பங்கு தீர்ந்துவிடுவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளும் மகனும் சமம். தந்தை எப்போது இறந்திருந்தாலும் அது பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. ஆனால் இதில் அம்மாவின் நிலைதான் பரிதாபம். தந்தைக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 50 சென்ட் என்று பிரிந்த பிறகு, தந்தையின் அந்த 50 சென்ட்டில் மட்டுமே நான்கில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை சென்ட், அவருக்கு வரும். நம் தென்னாட்டு வழக்கப்படி பாகப்பிரிவினையின்போது மனைவிக்குத் தனிப் பங்கு ஒதுக்குவதில்லை.

பதில் 2:
மேலே சொன்ன கணக்கு உண்மையான பூர்வீகச் சொத்துக்கு மட்டுமே பொருந்தும். நிலம் தாத்தா தாமே கிரயம் வாங்கியதாக இருந்து, 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திற்குப் பிறகு அவர் உயிலின்றி இறந்திருந்தால், அது உங்கள் தந்தையின் தனிச் சொத்தாகவே வந்திருக்கும்; தந்தை இறந்தபோது பாட்டியும் உயிருடன் இல்லையென்றால், அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் சமமாக ஆளுக்கு 50 சென்ட். எனவே பழைய கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பன்னிரண்டரைக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரம் சிறியதன்று.

பதில் 3:
பங்குத் தகராறு தீரட்டும் என்று பட்டாவைத் தள்ளிப்போட வேண்டாம் அக்கா. இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வைத்து, இ-சேவை மையம் வழியாக நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பி.எம். கிசானுக்கு 1.2.2019-க்குப் பின் மாறிய நிலங்கள் பொதுவாகச் சேராது. ஆனால் உரியவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிப் பிடிமானங்களில் (ஒருவர் பொறுப்பில் பயிராகும் நிலங்களில்) 100-க்குச் சுமார் 14 மட்டுமே பெண்கள் பொறுப்பில் இருந்தன; வயலில் களையெடுப்பவர்களைப் பார்த்தால் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் பங்கை நான் அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. பூர்வீகம் என்றே வைத்தாலும் உங்கள் அறுபத்திரண்டரை சென்ட் சேர்ந்து அம்மாவுக்கு 75 சென்ட் ஆகும். ஆனால் அம்மா உயில் எழுதாவிட்டால், அவருக்குப் பின் அது அண்ணன்களுக்கும் பிரியும் என்பதை இருவரும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.