6 டிபி படம், வீடியோ: செலவு கம்மியா, நம்பிக்கையா பேக்கப் எடுக்கறது எப்படி?

மின்மினி:
பதினஞ்சு வருஷப் படங்கள், வீடியோ, அப்பா பேசின ஒலிப்பதிவு எல்லாம் சேர்த்து 6 டெராபைட். எல்லாமே ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல. நேத்து செருகினப்ப 'டிக் டிக்'னு சத்தம். மூணாவது தடவை கழட்டி மாட்டினப்புறம்தான் திறந்துச்சு. ராத்திரி தூக்கமே இல்ல. மாசாமாசம் பெரிய தொகை கட்டவும் முடியாது. ரெண்டு டிஸ்க் வாங்கி ரெய்டு (ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி பதியற ஏற்பாடு) போட்டா போதுமா?

ஆலமரம்:
முதல்ல அந்த டிஸ்கைக் கழட்டி வெச்சிடுங்க. ஸ்கேன், டீஃப்ராக் எதுவும் ஓட்டாதீங்க. புது டிஸ்க் கைக்கு வந்ததும் அப்பா குரலை முதல்ல எடுங்க, மத்தது அப்புறம். நடுவுல மக்கர் பண்ணினா டிடிரெஸ்க்யூ போடுங்க, பழுதான டிஸ்க்ல இருந்து மீட்டெடுக்கற மென்பொருள். படிக்க வர்ற இடத்தையெல்லாம் முன்னாடி எடுத்துட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியாத்தான் வரும்.

ரெய்டு பேக்கப் ஆகாது. கைதவறி அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அந்த நொடியே போயிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். டிஸ்க் மாத்தறப்ப எல்லாத்தையும் புதுசுக்கு நகலெடுத்துட்டு, அதுவரை இருந்த பேக்கப் டிஸ்கை ஃபார்மட் பண்ணிட்டேன். பல மாசம் கழிச்சு ஒரு படத்தைத் திறந்தா, மேல பொண்ணோட முகம், கழுத்துக்குக் கீழ வெறும் சாம்பல் பட்டை. ஃபைல் பழைய டிஸ்க்லயே கெட்டுப்போயிருக்கு. நல்லா இருந்த ஒரே நகலை நானே அழிச்சிருக்கேன். இன்னிக்கும் மனசு ஆறல.

இப்ப ரெஸ்டிக்னு ஒரு பேக்கப் மென்பொருள்தான் ஓட்டறேன். ரெண்டு டிஸ்க், ஒண்ணு தம்பி வீட்ல, மாசம் ஒருதடவை மாத்திப்போம். பழைய தேதி நிலவரமும் அப்படியே இருக்கும், மாறினது மட்டும்தான் சேரும். 'செக்' கட்டளையோட 'ரீட்-டேட்டா' சேர்த்து ஓட்டினா ஒவ்வொரு பைட்டையும் படிச்சுப் பாக்கும். ராத்திரி பூரா ஓடட்டும், பரவாயில்ல. ரெஸ்டிக் எல்லாத்தையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித்தான் வெக்கும், அந்த பாஸ்வேர்டைத் தாள்ல எழுதி ரெண்டு இடத்துல வைங்க. அது தொலைஞ்சா யாராலயும் திறக்க முடியாது.

கடல்காத்து:
கிளவுடுக்கு 6 டிபியையும் ஏத்த நினைக்காதீங்க. 20 எம்பிபிஎஸ் அப்லோடுன்னா விடாம ஓடினாலே 28 நாள் ஆகும். அமேசான் கிளேசியர் டீப் ஆர்க்கைவ்னு அபூர்வமா எடுக்கற ஃபைலுக்கான கிளவுடு சேமிப்பு இருக்கு, அதுல வெச்சிருக்கறதுக்குக் கட்டணம் கம்மிதான், ஆனா திருப்பி எடுக்க சாதாரண முறையில 12 மணி நேரம் வரை காத்திருக்கணும், இறக்கறதுக்குத் தனிக்காசு. 180 நாளுக்கு முன்னாடி அழிச்சாலும் 180 நாள் காசு உண்டு. திரும்பக் கிடைக்காத 300 ஜிபியை மட்டும் பொறுக்கி ஏத்துங்க, ஒண்ணரை நாள் வேலை.

ஆலமரம்:
சரியாச் சொன்னீங்க. ஏத்தினதும் பத்து ஃபைலை வேற கம்ப்யூட்டர்ல இறக்கித் திறந்து பாத்துடுங்க மின்மினி.

மின்மினி:
புது டிஸ்க் வந்துடுச்சு. அப்பாவோட 43 பதிவும் பத்திரமா வந்துடுச்சு. ஒண்ணொண்ணாக் கேட்டுப் பாத்துட்டு இருக்கேன். இப்ப பதினேழாவது ஓடுது. வீடியோ ஃபோல்டர் இன்னும் பாதியில நிக்குது, டிடிரெஸ்க்யூ போட்டிருக்கேன்.