கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றே பெட்ரோல் தீருகிறது, என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை தாஸ்:

வணக்கம். வீடு தண்டையார்பேட்டை நேதாஜி நகர். வேலை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், லேத் மெஷினில். போக வர 32 கிலோமீட்டர், மாதம் 25 நாள். வண்டி 2012 மாடல் வேகன் ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கார் வைத்திருக்கிறான், வசதியானவன் என்று நினைக்க வேண்டாம். முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். காலையில் அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவேன், மதியம் தம்பி ஆட்டோவில் கூட்டி வந்துவிடுவான்.

மனைவியின் பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறாள். மூன்று மாதமாக டேங்க் நிரப்பும்போதெல்லாம் எழுதினேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் வருகிறது. மாதம் 73 லிட்டர், ஏழாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். கைக்கு வரும் சம்பளம் 31,000.

2017-ல் பைக்குக்கு லிட்டர் 70 ரூபாய்க்குள் போட்ட ஞாபகம். 2021 ஜூலையில் சென்னையில் முதல் முறையாக 100-ஐத் தாண்டியபோது பங்கில் ஆளாளுக்கு போர்டைப் போட்டோ எடுத்தார்கள். இப்போது போர்டை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

என் பெட்ரோலில் பாதி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்தான் போகிறது என்று நினைக்கிறேன். காலை ஏழே முக்காலுக்குப் போனால் ஒரு லோக்கல், பின்னாலேயே ஒரு கூட்ஸ், எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸ்பிரஸ். மூன்றும் போனால்தான் கேட் ஏறும். அதற்குள் பைக்காரர்கள் எதிர் வரிசையையும் அடைத்துக்கொண்டு கேட்டை முட்டி நிற்பார்கள். அந்தப் பக்கமும் அதே கதை. கேட் திறந்ததும் இரண்டு படையும் தண்டவாளத்துக்கு நடுவில் மூக்கோடு மூக்கு. யார் பின்னால் எடுப்பது என்று சத்தம் போட்டு முடிப்பதற்குள் அடுத்த வண்டிக்கு மணி அடித்துவிடும். ஒரு நாள் இரண்டு இட்லி பொட்டலத்தையும் கேட்டிலேயே பிரித்துச் சாப்பிட்டு முடித்தேன்.

இன்னொன்று. மணலியில் பெட்ரோல் சுத்திகரிக்கிறார்கள், வீட்டு ஜன்னலைத் திறந்தால் வாசனை வருகிறது. நமக்காவது இரண்டு ரூபாய் குறைக்கக் கூடாதா?

ரவுண்டாக 500-க்குப் போடாதே, 510-க்குப் போடு என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை மெக்கானிக்:

தாஸ் அண்ணே, 510 கதையை விடுங்கள். ஏமாற்ற நினைக்கிற ஆளுக்கு 500-உம் ஒன்றுதான் 510-உம் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் பங்கிலேயே முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்பது உங்கள் உரிமை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு பங்கு பாருங்கள்.

கேட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிடுகிறீர்களா? சின்ன கார்கூட அப்படி ஒரு மணி நேரம் நின்றால் முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் குடித்துவிடும். காலையும் மாலையும் இருபது இருபது நிமிடம் என்றாலே அரை லிட்டருக்குக் குறையாது. கேட் போட்டதும் சாவியைத் திருப்பிவிடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்தால் நிறைய இழுக்கும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு, உங்கள் வண்டி பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்ஜெக்‌ஷன்.

அப்புறம் கிளட்ச். நெரிசலில் அரை கிளட்சில் காலை வைத்தபடியே ஊர்ந்து போவது நம் ஏரியா வியாதி. முன் வண்டி பத்தடி நகரட்டும், பிறகு ஒரே தடவையாக நகருங்கள். காற்று வாரம் ஒரு முறை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், கன்டெய்னர் லாரிப் புழுதியில் கறுத்துக் கிடக்கும். பெட்ரோலில் ஊற்றுகிற பாட்டில் மருந்து எதையும் வாங்காதீர்கள்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2012 வண்டி இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்தது இல்லை என்பதால் பெட்ரோல் போகும் ஹோஸ் ரப்பரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்தால் 11 என்பது 13 ஆகலாம். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

மணலி பெரியவர்:

தம்பி, ஆலை பக்கத்தில் இருப்பதால் மிச்சமாவது லாரி வாடகைதான், அது லிட்டருக்குப் பைசாக் கணக்கு. விலையைத் தீர்மானிப்பது கச்சா எண்ணெயும் வரியும். மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. தமிழ்நாட்டு வரி பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்த பிறகு உள்ள கணக்கு இது. இந்த நிலையான தொகையெல்லாம் கச்சா எண்ணெய் விலை விழுந்தாலும் கூடவே விழாது. ஜிஎஸ்டிக்குள்ளும் பெட்ரோல் இல்லை. 1969-லிருந்து இங்கே ஆலை ஓடுகிறது. நானும் அப்போதிருந்து இங்கேதான், ஒரு காசு தள்ளுபடி பார்த்ததில்லை.

கால் டாக்சி கணேசன்:

வண்டியை சிஎன்ஜி கேஸுக்கு மாற்றலாமே ப்ரோ? நான் மாற்றிவிட்டேன், கிலோமீட்டர் செலவு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கிட் போட ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும், ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டர் டெஸ்ட். டிக்கி மொத்தமும் போய்விடும்.

தண்டையார்பேட்டை தாஸ்:

டிக்கியில் அம்மாவின் வீல்சேர் இருக்கிறது கணேசன். வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அதில் போய் ஐம்பதாயிரம் போட மனசு வரவில்லை.

பட்டரவாக்கம் பாசஞ்சர்:

அண்ணா, நானும் எஸ்டேட்டில்தான் வேலை, எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். உங்கள் பதிவைப் படித்துச் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் கேட்டில் நின்று ஒரு ரயிலைத் திட்டுகிறீர்களே, அதிலேயே ஏறிப் போக வேண்டியதுதானே?

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகிற லோக்கலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜ். அங்கே இறங்கி, படியேறி அந்தப் பக்கம் போய் ஆவடி, திருவள்ளூர் வண்டி எதில் வேண்டுமானாலும் ஏறலாம். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அப்புறம் பட்டரவாக்கம். இறங்கினால் எஸ்டேட். ஃபாஸ்ட் வண்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள், பட்டரவாக்கத்தில் நிற்காது. நான் முதல் வாரம் அப்படி ஆவடி வரை போய்த் திரும்பினேன். மாத சீசன் இரண்டு லிட்டர் பெட்ரோல் காசுக்குள் வந்துவிடும்.

அம்மாவுக்கான இரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். முதுகுக்குப் படிதான் சிரமம். பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுங்கள், ஒரு வண்டி போனால் போகட்டும்.

தண்டையார்பேட்டை தாஸ்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டரவாக்கம் தங்கச்சி சொன்னபடி சீசன் எடுத்துவிட்டேன். பதினாறு வருடமாக அம்பத்தூர் போகிறேன், இந்த வழி தோன்றவே இல்லை. ரயில் என்றால் சென்ட்ரலுக்குப் போவது என்றே மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

முதல் நாள் பேசின் பிரிட்ஜ் படியில் பாதி ஏறுவதற்குள் கீழே வண்டி கிளம்பிவிட்டது. ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். இப்போது வீட்டை விட்டு ஏழேகாலுக்கே இறங்கிவிடுகிறேன். உட்கார இடம் தினமும் கிடைப்பதில்லை, ஆனால் நிற்பது முதுகுக்குப் பரவாயில்லை. காரில் மடங்கி உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் வலித்திருக்கிறது. சுண்டல் விற்கிற பையன் அதற்குள் முகம் பழகி, பைசா பிறகு கொடுங்கள் என்கிறான்.

நோட்டுக் கணக்கு: மூன்று வாரத்தில் 17 லிட்டர். கேட்டில் சாவியைத் திருப்புவது, அரை கிளட்சை விட்டது எல்லாம் சேர்ந்து 12-க்குக் கொஞ்சம் மேல் வருகிறது. மெக்கானிக் சொன்ன 13 இன்னும் வரவில்லை. மாதம் நாலாயிரத்துக்கு மேல் நிற்கும்போல் இருக்கிறது. மனைவியிடம் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். கார் வாரத்தில் ஐந்து நாள் தெருவில் சும்மா நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடுமா? மூலக்கடை தம்பி பார்த்தால் சொல்லவும்.

மூலக்கடை மெக்கானிக்:

வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது அண்ணே. எலியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி நின்றால் பானெட்டுக்குள் குடும்பம் நடத்த வந்துவிடும், போன வாரம்கூட ஒரு வண்டிக்கு ஒயரிங் மொத்தமும் மாற்றினேன். ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைத்துப் பாருங்கள், அல்லது புகையிலைத் தூளைத் துணியில் முடிந்து உள்ளே கட்டுங்கள். டேங்கையும் துடைத்தெடுத்தாற்போல் காலியாக விடாதீர்கள், பாதியாவது இருக்கட்டும்.