மட்டாஞ்சேரி பெஞ்சும் ஒரு ஆரஞ்சுப் பழமும்: யூதர்களோடு பழகிய அனுபவங்கள்

வழிப்போக்கன்:
யூதர் என்றாலே நம்மிடையே பேச்சு நேராக இஸ்ரேல் அரசியலுக்குப் போய்விடுகிறது. இங்கே அது வேண்டாமே. அவர்களுடைய ஜெப ஆலயத்துக்குள் போயிருந்தால், வீட்டில் சாப்பிட்டிருந்தால் எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் ('பரதேசி' என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்). நம் கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பெஞ்சுகள் மேல்தான் கண். அதில் உட்காருவதற்கே ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. 'வெள்ளை யூதர்' என்று சொல்லிக்கொண்டவர்கள், அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசு என்று முத்திரை குத்தி, சிலரைப் பெஞ்சில் உட்கார விடவில்லை. முன்கூடத்துத் தரைதான் அவர்களுக்கு. யூத வேதமான தோராவை வாசிக்கும் உரிமையும் கிடையாது. ஒரே கடவுள், ஒரே வேதம், ஆனால் இடம் மட்டும் வேறு! நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். காங்கிரஸ்காரர். வெளியே கற்ற சத்தியாகிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். ஒரே நாளில் எதுவும் மாறவில்லை; வருஷக்கணக்கில் இழுத்து, கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பெஞ்சு கிடைத்த பிறகும் கல்யாணம் என்று வந்தபோது முறுக்கிக்கொண்டார்கள். அவருடைய மகன் வெள்ளை யூதப் பெண்ணை மணந்தபோது திருமணம் பம்பாயில்தான் நடக்க வேண்டியிருந்தது. இன்று அந்தத் தெருவுக்கே அவர் பெயர்.

நெய்தல்:
நான் நியூயார்க்கில் இருந்தபோது அலுவலகத் தோழி ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெத் சிம்ஹாத் தோராவுக்கு அழைத்துப் போனாள். தன்பாலீர்ப்பாளர்கள் 1973இல் தாங்களே தொடங்கிய யூத சபை அது. வேறெங்கும் தாங்களாகவே இருக்க முடியாததால் தொடங்கியது. எய்ட்ஸ் காலத்தில் ஏகப்பட்ட உறுப்பினர்களைப் பறிகொடுத்திருக்கிறார்கள். ஷாரோன் க்ளைன்பாம் 1992இல் அவர்களுடைய முதல் ரபியாக, அதாவது மதகுருவாக, வந்தார்.

எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. பக்கத்திலிருந்த பாட்டி என் புத்தகத்தில் சரியான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று ஒரு கேள்வி இல்லை. முடிந்ததும் ரொட்டியைப் பிய்த்து என் கையில் திணித்தார்.

2017இல் முஸ்லிம் நாடுகள் சிலவற்றுக்கு டிரம்ப் பயணத் தடை போட்ட பிறகு, இந்தச் சபையினர் வெள்ளிக்கிழமைகளில் நியூயார்க் பல்கலைக்கழக இஸ்லாமிய மையத்துக்குப் போய், தொழ வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் அடுத்தவருக்காக இப்படிப் போய் நின்றுவிடுவதில்லை. எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

மழைக்காகம்:
நியூ ஜெர்சியில் பாஸ்கா விருந்து; எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைத்துக் கொண்டாடும் பண்டிகை. சடங்குத் தட்டில் கசப்புக் கீரை, முட்டை, எலும்புத் துண்டு, கூடவே ஒரு ஆரஞ்சு. அதுவும் சம்பிரதாயமா என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு, "எங்க பாட்டி பார்த்திருந்தா தட்டோட தூக்கி எறிஞ்சிருப்பா" என்றார். சூசன்னா ஹெஷல் என்ற பேராசிரியை 1980களில் தொடங்கிய வழக்கமாம். தன்பாலீர்ப்பாளர்களையும் ஓரங்கட்டப்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம் என்பதற்காக ஆரஞ்சு. விதையைத் துப்புவது தன்பாலீர்ப்பாளர்கள் மேலுள்ள வெறுப்பைத் துப்புவது.

அப்புறம் கதை எப்படியோ திரிந்துவிட்டதாம். ஜெப ஆலயத்தில் பெண் மேடையேறுவது தட்டில் ஆரஞ்சு வைப்பது போலத்தான், பொருந்தாதது என்று ஒரு ஆண் திட்டினார், அதற்குப் பதிலடியாக வந்த வழக்கம் இது என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒரு பெண்ணின் யோசனை ஒரு ஆணின் வசையிலிருந்து பிறந்ததாகிவிட்டது, தன்பாலீர்ப்பாளர்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விட்டார்கள் என்று ஹெஷலுக்கே வருத்தம். விருந்தில் பாதிப் பேருக்கு அந்தத் திரிந்த கதைதான் தெரிந்திருந்தது. சாப்பாடு ஆறும்வரை வாக்குவாதம். நம் வீட்டுப் பந்தி தோற்றது!

நெய்தல்:
@வழிப்போக்கன், அடுத்த மாதம் கொச்சி போகிறேன். எந்த நாள் போகலாம்?

வழிப்போக்கன்:
சனிக்கிழமை வேண்டாம், ஓய்வுநாள், மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும்.